பட்டது சார்

என் தம்பி சாயத் தொட்டிக்குள் நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது நீராவி வால்வைத் திறந்தவன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டவர் யார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். என் அக்காவின் கணவர். நெருங்கிய உறவு என்பதால் இந்த ஆத்திரத்தைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தொண்டையில் முள்ளாக நின்றபடியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம்தான், அதனால் வருகிறபடி எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆலையில் வேலை பார்த்தோம். துணிக்குச் சாயம் போடுகிற ஆலை. நான் ஃபிட்டர். தம்பி தொட்டி ஆள். மாமா (அக்கா கணவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆபீஸ் குமாஸ்தா. எடை மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை அவருடையது. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் நீலம் ஏறிக் கிடக்கும், எவ்வளவு துடைத்தாலும் போகாது. உள்ளே ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், ஒரே ஒரு நாற்காலி. வருகிறவன் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். ஆள் குள்ளம், ஒல்லி. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. டைப் அடிக்க உட்காரும் முன் ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் மாதிரி கை கழுவுவார்.

முதலாளிகள் இருந்தது எங்கேயோ. அவர்களுக்கு நம் பாஷை தெரியாது. ஆலையில் எது உடைந்தாலும் எரிந்தாலும் இங்கிலீஷில் ரிப்போர்ட் போக வேண்டும். ரிப்போர்ட்டில் எவன் பேராவது இருந்தால் மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. அதனால் மாமா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். நடந்ததைச் சொல்ல வந்தவன் வாயைத் திறந்ததுமே நாற்சந்தியில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி இடது கை மேலே போகும்.

“யாருன்னு சொல்லாதே. என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு.”

வந்தவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு என்ன ஆச்சு என்பதை மட்டும் சொல்லுவான். மாமா அடித்து முடித்து, அவனுக்குப் புரியும்படி தமிழில் படித்துக் காட்டுவார். பல்சக்கரம் உடைக்கப்பட்டது. எண்ணெய் சிந்தப்பட்டது. கதவு பூட்டப்படவில்லை. எத்தனை குடும்பம் இந்தப் ‘பட்டது’வால் பிழைத்தது என்று எனக்குத் தெரியும். நானே ஒரு மோட்டாரைக் கருக்கிவிட்டு அதன் நிழலில் ஒதுங்கியவன்தான். ஆலை முழுக்க அவருக்குப் பேர் ‘பட்டது சார்’.

கேன்டீனில் விட மாட்டார்கள்.

“பட்டது சார், என் பிஸ்கட் தின்னப்பட்டது.”

“யாரால?”

“அதைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

சிரிப்பார். அக்காவும் சும்மா இருக்க மாட்டாள். “அடுப்புல பாலைப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனேன்டா. வந்து பாத்தா ஆளைக் காணோம். பால் கருக்கப்பட்டது, அவ்வளவுதான்” என்பாள்.

ஆள் இல்லாமல் ஒரு வாக்கியம் எப்படி நிற்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அப்போது எங்களுக்குள் ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருந்தோம். மாமாவுக்கு முகமெல்லாம் பல்.

“இப்படி உக்காரு மாப்ள.” உட்கார நாற்காலி இல்லை, நின்றேன். “பையன் கப்பை உடைச்சான். த பாய் புரோக் த கப். இதுல முன்னால நிக்கிறது யாரு?”

“பையன்.”

“அவன்தான் சப்ஜெக்ட். அவனைப் பிடிச்சுக் கடைசிக்குத் தள்ளு. உடைபட்ட கப்புதான் ஆப்ஜெக்ட். அதைத் தூக்கி முன்னால வை. ஒத்தைக் கப்பு, நடந்து முடிஞ்ச விஷயம், அதனால ஒரு ‘வாஸ்’ போடு. நிறையக் கப்புன்னா ‘வேர்’. அப்புறம் பிரேக், புரோக், புரோக்கன்னு அந்த வினைக்கு மூணு உருவம் இருக்கு. மூணாவதை எடு. த கப் வாஸ் புரோக்கன். பின்னாடி ஒரு ‘பை’ போட்டுப் பையனை உக்கார வை. பை த பாய்.”

“அப்பவும் பையன் இருக்கானே மாமா.”

“அந்த ‘பை’ இருக்கு பாரு, அது ரயிலோட கடைசிப் பெட்டி. கழட்டி விட்டுட்டாலும் ரயில் போகும்.”

“இங்கிலீஷ்காரன் நிறையத் தப்பு பண்ணியிருப்பான் போல.”

“பண்ணாமலா இவ்வளவு வசதியா கண்டுபிடிச்சான்” என்றார்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

சாயம் மாற்றும்போது தொட்டிக்குள் ஆள் இறங்கித் தேய்க்க வேண்டும். இறங்குகிறவன் தன் சட்டையைக் கழற்றி வெளியே நீராவி வால்வின் சக்கரத்தில் மாட்டிவிட்டு இறங்குவான். சட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், தொடாதே என்று அர்த்தம். சொல்லிக் கொடுத்து வந்ததல்ல, பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். ஆனால் அந்தச் சக்கரம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் நனைந்த சட்டையைக் காயப் போடுவதும் அதே சக்கரத்தில்தான். ஆபத்துக்கும் அதே இடம், ஈரத்துக்கும் அதே இடம். இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

அன்றைக்கு நல்ல மழை. யாரோ ஒருத்தன் தம்பியின் சட்டையைக் காயப் போட்ட சட்டை என்று நினைத்து எடுத்திருக்கிறான். எடுத்து அழகாக மடித்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வால்வைத் திறந்திருக்கிறான். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது சட்டை அப்படியே ஸ்டூலில் இருந்தது. கைகளை உள்ளே மடக்கி, காலர் மேலே தெரியும்படி, கடையில் வைப்பது மாதிரி.

அந்த ஷிஃப்டில் இருந்தவர்களை எல்லாம் கேட்டேன். நான் கொதிகலன் பக்கம் இருந்தேன், நான் கிடங்கில் இருந்தேன், நான் கக்கூஸில் இருந்தேன். எல்லோரும் அழுதார்கள். எல்லோரும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனைத் தூக்கிய தோள்களில் ஒன்று வால்வைத் திறந்தவனுடைய தோள். அதற்கப்புறம் வருஷக்கணக்காக, எவன் துணி மடித்தாலும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் போய்விட்டது என்று கேள்விப்பட்டு மாமாவின் அறைக்குப் போனேன்.

“படிங்க.”

“வேணாம் மாப்ள.”

“படிங்க.”

நகலை எடுத்துப் படித்தார். தொட்டி சுத்தம் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. சக்கரத்தில் இருந்த சட்டை அகற்றப்பட்டது. வால்வு திறக்கப்பட்டது. தொழிலாளி இறந்தார்.

“கடைசி வரி மட்டும் ஏன் நேரா இருக்கு?” என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். “சாகுறதுக்கு ஆப்ஜெக்ட் கிடையாது மாப்ள. அதைத் திருப்பிப் போட முடியாது.”

நான் அவர் காலரைப் பிடித்தேன். வெளியே நின்றவர்கள் வந்து பிரித்தார்கள். பிரித்தவர்களிலும் அவன் இருந்திருப்பான்.

வேலையை விட்டேன். பம்பு ரிப்பேர் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். அக்கா வீட்டுக்கு அவர் இல்லாத நேரம் பார்த்துப் போவேன். அக்கா டீ போட்டுத் தருவாள். தம்பி பேச்சை இருவருமே எடுக்க மாட்டோம். சொந்தத் தம்பியைக் கொன்றவன் பேரை மறைக்கிற ஆளுக்கு அவள் தினமும் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவரிடம் அவள் கேட்டாளா, கேட்டு அவர் என்ன சொன்னார், ஒன்றும் தெரியாது. வாயைத் திறக்காமலே அவளும் நோயில் போய்விட்டாள்.

அவள் காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, சமையலறையில் மாமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினார். நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

“இப்பவாவது சொல்லுங்க. யாரு?”

“தெரியாது.”

“தெரியாமத்தான் எழுதினீங்களா?”

“எப்பவும் தெரியாமத்தான் எழுதினேன். தெரிஞ்சா என் கை எழுதிடும். அதுக்குத்தானே யாரையும் சொல்ல விடாம வச்சிருந்தேன்.” குழாயை மூடினார். “அன்னைக்கு ஷிஃப்டு ஆளுங்க எல்லாரும் ஒண்ணா வந்து நின்னாங்க. நான் மெஷின்ல பேப்பரைச் சொருகிட்டு இருந்தேன். பின்னாடி இருந்து ஒருத்தன், ‘சார், சட்டையை எடுத்தது’ன்னு ஆரம்பிச்சான். என் கை தூக்கிடுச்சு. பழக்கம் மாப்ள. நான் ஒண்ணும் நினைக்கவே இல்ல. அவன் நிறுத்திட்டான். தலை நிமிந்து பாத்திருந்தா முகமாவது தெரிஞ்சிருக்கும். பாக்கலை.”

“குரல் தெரியலையா?”

“அழுகுற குரல். அன்னைக்கு எல்லாக் குரலும் அப்படித்தான் இருந்துச்சு.”

“அக்காவுக்குத் தெரியுமா இது?”

“அவ கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, சாப்பிட வாங்கன்னா.”

இத்தனை வருஷமாக அவர் மடியில் ஒரு பேர் இருக்கிறது, பிடுங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அவர் மடியில் ஒன்றுமே இல்லை. சொல்ல வந்தவனையும் தடுத்துவிட்டு, தடுத்தது யாரை என்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். மன்னிக்கலாம் என்றால் எதை மன்னிப்பது? அடிக்கலாம் என்றால் கையில் டம்ளரோடு நிற்கிற கிழவன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் அதற்கப்புறம் போக்குவரத்து இருந்தது. அவரும் தனிக்கட்டை. மகள் வேலைக்குப் போகிறவள். அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பகலில் பார்த்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டாள். போனேன். பேச்சு அதிகம் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒருநாள் தன் கையைத் திருப்பிப் பார்த்து, “ஊசி போடப்பட்டது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஒரு காலையில் ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு வராந்தாவில் வருகிறேன். கண்ணாடி வழியே வார்டு தெரிகிறது. விரிப்பு மாற்ற வந்த பெண் மாமாவின் கட்டிலில் பக்கவாட்டுக் கம்பியைக் கீழே இறக்கினாள். அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டில்காரர் வாந்தி எடுத்தார். அவள் அங்கே ஓடினாள். கம்பி இறங்கியபடியே இருக்க, மாமா தூக்கத்தில் புரண்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்குள் தரையில் கிடந்தார்.

இடுப்பு எலும்பு போய்விட்டது. இந்த உடம்பில் ஆபரேஷன் தாங்காது, இனி எழுந்து நிற்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வாளியைப் பிடித்தபடி சுவரோரம் நின்றவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியும்.

அக்கா மகள் வேலையிலிருந்து நேராக ஓடி வந்தாள். நர்ஸிடம் கேஸ் சீட்டை வாங்கிப் படித்தவள் முகம் சிவந்துவிட்டது.

“நோயாளி தரையில் கிடக்கக் காணப்பட்டார்னு எழுதியிருக்காங்க மாமா. அவ்வளவுதான். கம்பி எப்படி இறங்குச்சு, யார் இறக்கினா, ஒண்ணும் கிடையாது. நீங்க இங்கதானே இருந்தீங்க. பாத்தீங்களா இல்லையா?”

“உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்” என்றேன்.

“பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வரப் போறேன். அவர் முன்னாடி சொல்லுங்க. யாரா இருந்தாலும் விடப் போறதில்ல” என்று விறுவிறுவென்று போய்விட்டாள்.

மாமா விழித்துத்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. வலியில் உதடு வெளுத்துப்போயிருந்தது. கட்டில் கம்பி இப்போது உயர்த்தி மாட்டியிருந்தது. அதன் இடுக்கு வழியாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நீ பாத்திருக்க.”

“பாத்தேன்.”

“சொல்லப் போற.”

“சொல்லாம? என் கண்ணால பாத்தேன் மாமா. இந்தத் தடவையாவது ஒருத்தர் பேரைச் சொல்லிட்டுப் போறேன்.”

“அவ வேணும்னா செஞ்சா? அந்த ஆள் வாந்தி எடுத்தான், ஓடினா.”

“சட்டையை மடிச்சு வச்சவனும் வேணும்னா செஞ்சான்? அதுக்காக?”

 அவர் என் கையை விடவில்லை. வராந்தாவில் அக்கா மகளின் குரலும், கூடவே பூட்ஸ் சத்தமும் கேட்டன.

“இந்தப் பொண்ணை விட்டுடு. உனக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதானே. நான் எழுதறப்ப எல்லாம் மறைச்சேன். இப்ப நீ வாயால சொல்லு, போதும். டாக்டர் கேட்டாலும் சரி, என் பொண்ணு கேட்டாலும் சரி, கம்பியை இறக்கிட்டு எறங்கினது பட்டது சார்தான், நான் பாத்தேன்னு சொல்லிடு மாப்ள” என்றார்.