காருக்குள் பதினைந்து கிலோ

சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அந்த வேலையை விட்டுவிட்டு, பழைய டர்போ டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். இனி பாய்லர் ரூம் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆக, அவருக்கு அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. அதை முன்பு வைத்திருந்தவன் ஓர் இளவட்டம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு மீட்டரை மாட்டி வைத்திருந்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போ என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புமாம், எவ்வளவு அழுத்துகிறது என்று அதிலிருக்கும் முள் காட்டுமாம். ஊரில் எவனாவது அதைக் கேட்டானா?

கொஞ்ச நாளிலேயே வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நான் பனியன் கம்பெனியில் துணிக்கு அளவு பார்க்கும் செக்கிங் வேலையில் இருந்தேன். எங்கள் மேனேஜரே என் மேஜைக்கு வந்து, "உங்க ஊட்டுக்காரர் வண்டிக்கு மாட்டு வண்டியே தேவலீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த டேப்பை மேஜையில் போட்டேன்.

"மெதுவா ஓட்டறது ஒரு குத்தமுங்களா?"

"மெதுவாப் போனாப் பரவால்லீங்க. நல்லாப் போயிட்டிருக்கறப்பவே திடீர்னு காலை எடுத்துடறாரு. லாரிக்காரன் பின்னால வந்து முட்டுனா என்னாகறதுங்க?"

நான் நம்பவில்லை. எங்கள் வீட்டில் குழம்புக் கரண்டியைக்கூட அதிர்ந்து வைக்காத மனுஷர். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவிநாசிக் கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

முன்னால் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அசைந்து அசைந்து போனது. இவர் ஹாரன் அடித்து, வலது பக்கம் ஏறி, மிதித்தார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. லாரியின் பாதி நீளம் தாண்டியிருப்போம். எதிரே பஸ் ஒன்று வருவது தெரிந்தது, ஆனால் தாண்டிவிடலாம், இடமிருந்தது. அப்போது பார்த்துக் காலை எடுத்துவிட்டார்! வண்டி தொய்ந்துபோய் லாரிக்குப் பக்கத்திலேயே நின்றமாதிரி ஆகிவிட்டது. பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. லாரிக்காரர் மகராசன் பிரேக் போட்டு இடம் விட்டதால்தான் நாங்கள் பிழைத்தோம். போகிற போக்கில் அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா? பாதி தாண்டுனதுக்கப்புறம் எவனாச்சும் காலை எடுப்பானுங்களா?"

"பதினஞ்சு கிலோ ஏறிப்போச்சு புள்ள!" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "எங்க பாய்லரே பத்து கிலோவுக்கு மேல தாங்காது. அது அவ்வளவு பெரிய இரும்பு. இந்தத் துளியூண்டு என்ஜின் எப்படித் தாங்கும்?"

பாய்லர் ரூமில் பிரஷரை எல்லோரும் கிலோ என்றுதான் சொல்வார்கள். பத்து கிலோவை நெருங்கினால் தீயைக் குறைக்க வேண்டும். முள் ஏறினால் கை தானாகத் தணிக்கப் போகிற அளவுக்கு அவருக்கு வருஷக்கணக்கான பழக்கம். நான் குனிந்து அந்த மீட்டரைப் பார்த்தேன். எங்கள் செக்கிங் வேலையில் முதல் பாடமே, எண்ணைப் பார்க்குமுன் அது இஞ்சா சென்டிமீட்டரா என்று பார்ப்பதுதான். பார்க்காவிட்டால் குழந்தைக்குத் தைத்த பனியனை யானைக்குத்தான் போட வேண்டும். எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில், கிலோ என்றல்ல, பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பஞ்சர் கடையில டயருக்கு எத்தனை காத்து அடிக்கச் சொல்லுவீங்க?"

"முப்பது."

"முப்பது கிலோவுங்களா? அந்த முப்பதும் இந்தப் பதினஞ்சும் ஒரே கணக்குங்க. எங்க கம்பெனி கம்ப்ரஸர் மீட்டர்ல கிலோவுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வட்டம் போட்டிருக்கும். இதுல பதினாலு சேந்தாத்தான் உங்க பாய்லர்ல ஒரு கிலோ. நீங்க மிதிச்சது ஒரு கிலோவும் கொசுறும். இதுக்குப் போயி பஸ்ஸுக்கடியில படுக்கப் பாத்தீங்களே!"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "தெரியும் புள்ள" என்றார். "வாங்குன புதுசுலயே மெக்கானிக் சொல்லிட்டாப்ல. தலைக்குத் தெரியுது. முள்ளு ஏறுனா காலு தானா வந்துருது."

"அப்ப இந்தச் சனியனை மூடிப்போடலாம்" என்று, குறையுள்ள துணியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. அதுவரை அவர் என்னை அப்படிப் பிடித்ததே இல்லை.

"மூடாத. பாக்காம என்னால ஓட்ட முடியாது."

அவர் பாய்லரை விட்டதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். பட்டறையில் பிரஷர் ஏறி நீராவிக் குழாய் வெடித்து, விறகு போட்டுக்கொண்டிருந்தவர் செத்துப்போய்விட்டார். இவர் அப்போது கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். 'அந்த டீதானுங்க இவரு உசுரைக் காப்பாத்துச்சு' என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னேன். சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு இவருக்கு மொட்டையும் போட்டோம். மறுபேச்சில்லாமல் தலையைக் குனிந்து கொடுத்தார்.

"நா டீக்குப் போகாம இருந்திருந்தா முள்ளைப் பாத்திருப்பனில்ல?" என்றார் இப்போது. "பாத்திருந்தாத் தீயைத் தணிச்சிருப்பன். அவரும் ஊட்டுக்குப் போயிருப்பாரு. நீ அந்த டீக்கு எனக்கு மொட்டை போட வெச்சயே புள்ள."

ஐயோ, அந்த மொட்டைத் தலையோடு நாங்கள் ஊர் முழுக்கப் பொங்கல் கொடுத்தோமே. ஸ்டிக்கரைப் பைக்குள் போட்டேன். அவர் தோளைத் தொட்டேன். ரோட்டோரம் என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரும் அழுதோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "நீங்க ரோட்டைப் பாருங்க. முள்ளை நா பாக்கறன்."

"உனக்கென்ன தெரியும்?"

"கிலோவுல சொல்றனுங்க. வண்டியை எடுங்க."

கொஞ்ச தூரத்தில் டவுன் பஸ் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே ரோடு காலியாக இருந்தது. வலப்பக்கம் ஏறி மிதித்தார். நான் மீட்டர் மேல் கண்ணை வைத்து, "அரைக் கிலோ" என்றேன். "முக்காக் கிலோ. ஒரு கிலோங்க, அம்புட்டுதான்." அவர் முழங்கால் லேசாக மேலே எழுவது தெரிந்தது. பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நா எங்கயும் போகலீங்க. பாத்துட்டேதான் இருக்கறன். மிதிங்க."

மிதித்தார். பஸ்ஸைத் தாண்டி, வண்டி இடப்பக்கம் வந்து சேர்ந்த பிறகும் அந்த முள்ளிலிருந்து கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.