தூக்கிப் பார்த்தால் ஆடாத பிக்கப்

1. இரண்டு தாய்மார்

பண்ணைக் கடலை ஊடறுத்துப் போகும் பாதையில், ஓடிக்கொண்டிருந்த பிக்கப்புக்குள் இருந்தபடி நான் நயினை அம்மனைக் கூப்பிட்டேன். பக்கத்தில் ஸ்டியரிங் பிடித்திருந்த றெஜினா மாதாவைக் கூப்பிட்டார். இரண்டு தாய்மாரில் யார் வந்து பிடித்தாரோ தெரியாது. வண்டி கடலுக்குள் போகவில்லை.

நடந்தது இதுதான். ஐம்பதில் போய்க்கொண்டிருந்தோம். பாலத்தின் மூட்டு ஒன்றில் முன்சில்லு ஏறி இறங்கியது. உடனே ஸ்டியரிங் இடமும் வலமுமாக வெட்டத் தொடங்கியது. முன்பக்கம் முழுவதும் குளிர்காய்ச்சல் வந்த ஆள்போல உதறியது. டாஷ்போட்டில் இருந்த மாதா படம் என் மடியில் விழுந்தது. பின்னால் ஐஸ் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று மோதின. றெஜினா பிரேக்கை மிதிக்கவில்லை. அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், ஆனால் விடாமல் வைத்திருந்தார். வேகம் இருபதுக்கு வந்ததும் ஆட்டம் பட்டென்று நின்றது.

ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, நீங்கள் மூண்டு தரம் திருத்தினது இதைத்தானோ?”

நான் மாதா படத்தைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன்.

2. மூன்று தரம் திருத்திய கதை

வேலணையில் கராச் வைத்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக வாகனங்களின் முன்பக்கத்தோடுதான் என் சீவியம். சரவணையில் இருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் “முன்பக்க ஆட்டமோ, அண்ணையிட்டைப் போ” என்று சொல்லுவார்கள். அந்தப் பேச்சு காதில் விழ விழ மனிதனுக்குத் தலை கொஞ்சம் பெருக்கும். எனக்கும் பெருத்திருந்தது.

றெஜினா கரம்பொன்னில் இருந்து மீன் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணச் சந்தைக்குப் போகிறவர். கணவர் சீலன் கரையில் நின்று மீன் எடுத்துக் கொடுப்பார். வண்டி ஓடுவது றெஜினா. பழைய ஜப்பான் பிக்கப். முன்பக்கத்திலும் வில்லுத்தகடும் ஒரே நீட்டு அச்சும் உள்ள வகை. ஏலம் தொடங்குவதற்கு முன் சந்தையில் நிற்க வேண்டும். பிந்தினால் நல்ல மீனும் கழிவு மீன் ஆகிவிடும்.

முதல் தரம் தனியாக வந்தார். “அண்ணை, ஓடேக்குள்ள முன்பக்கம் ஆடுது,” என்றார். நான் கராச் வாசலில் இருந்து சந்தி வரைக்கும் ஓடிப் பார்த்தேன். அந்தக் குண்டும் குழியுமான றோட்டில் நாற்பதுக்கு மேலே போக ஏலாது. ஆடவில்லை. “ரயர்தான்,” என்று சொல்லி முன் ரயரைப் பின்னுக்கும் பின் ரயரை முன்னுக்கும் மாற்றி, யாழ்ப்பாண ரவுனுக்கு அனுப்பி வீல் பலன்ஸிங்கும் செய்வித்தேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். இந்தத் தரம் சீலனும் கூட வந்தார்.

“ரயராத்தான் இருக்கும் அண்ணை,” என்று சீலன் சொன்னார்.

“ரயர் மாத்தியாச்சு தம்பி.”

“அப்ப பலன்ஸிங் சரியாச் செய்திருக்க மாட்டாங்கள். ரயராத்தான் இருக்கும்.”

இப்படி அடித்துச் சொல்லுகிற கணவரை நான் அதிகம் கண்டதில்லை. பெரும்பாலும் கணவர்மார் “ஓட்டுறவவின்ர பிழை” என்றுதான் தொடங்குவார்கள். நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டேன். முன்சில்லுகளை ஜக்கில் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கிற ரை றொட் எண்ட் ஒன்றில் நூலளவு லூஸ் இருந்தது. நான்கையும் புதிதாகப் போட்டேன்.

மூன்றாம் தரம் வந்தபோது றெஜினாவின் குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. நான் ஸ்டியரிங் டம்பரை மாற்றினேன். டம்பர் என்பது ஸ்டியரிங் வெட்டும்போது அதைப் பிடித்து அமத்துகிற ஒரு சாமான். மாற்றியதும் ஆட்டம் நின்றுவிட்டது. ஒன்பது நாள் நிம்மதி. அந்த ஒன்பது நாளும் நான் தேத்தண்ணிக் கடையில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்தேன்.

புதிதாக ஸ்பனர் பிடிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். புது டம்பர் ஆட்டத்தைத் திருத்தாது; மூடி வைக்கும். காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட மாதிரி. உள்ளே வருத்தம் தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். பத்தாம் நாள் றெஜினா வந்தார். சத்தம் போடவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்து, “ஏறுங்கோ. நான் ஓடுறன், நீங்கள் இருந்து பாருங்கோ,” என்றார்.

அப்படித்தான் பண்ணையில் நயினை அம்மனைக் கூப்பிட வேண்டி வந்தது.

3. அந்தரத்தில் ஓடுவதில்லை

இருபதிலேயே ஓட்டிக்கொண்டு கராச்சுக்குத் திரும்பினோம். சைக்கிளில் போன ஒரு ஐயா எங்களை முந்திக்கொண்டு போனார். போகும்போது கையும் காட்டினார்.

கராச்சில் பழையபடி ஜக்கை எடுத்தேன். முன்பக்கத்தைத் தூக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். வீல் பெயாரிங் இறுக்கம். இடமும் வலமும் ஆட்டினேன்; ரை றொட் எண்ட் புதிது, அசைவில்லை. சில்லு திரும்புகிற கிங் பின் பக்கம் பார்த்தேன். வில்லுத்தகட்டின் புஷ் பார்த்தேன். றிம் நெளிந்ததா என்று சில்லைச் சுழற்றிச் சோக்குக் கட்டியைக் கிட்டப் பிடித்தேன். கோடு நேராக விழுந்தது. எல்லாம் பரீட்சையில் பாஸ். வண்டி மட்டும் பெயில்.

றெஜினா கதிரையில் இருந்து ஒரு மணித்தியாலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“ஒவ்வொரு முறையும் வண்டியைத் தூக்கி வைச்சுத்தானே பாக்கிறியள்?”

“ஓம். அப்பிடித்தான் பாக்கிறது.”

“நான் என்ன, அந்தரத்திலயோ ஓடுறன்?”

கையில் இருந்த சோக்குக் கட்டியை வைத்துவிட்டேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தரத்தில் தொங்குகிற சில்லுக்குப் பாரம் இல்லை. றோட்டு அதைப் பிடித்து இழுப்பதில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வெண்ணெய்போலத் திரும்பும். எந்த இடத்தில் பாரம் பட்டால் நோகுமோ, அந்த இடம் நோகாமலே இருந்துவிடும். இது நான் பழகத் தொடங்கிய காலத்திலேயே தெரிந்த விஷயம். ஜக் கைக்குக் கிட்ட இருப்பதால் மறந்துபோயிற்று.

வண்டியை இறக்கினேன். “தங்கச்சி, ஏறி இரும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஸ்டியரிங்கைக் கொஞ்சமா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டும். நிப்பாட்டச் சொல்லும்வரை ஆட்டும்.”

நான் லைட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தேன். மேலே றெஜினா ஆட்டினார். ரை றொட் நல்லாயிருந்தது. ஸ்டியரிங் கம்பி வந்து முடிகிற ஸ்டியரிங் பொக்ஸின் போல்ட் இறுக்கமாக இருந்தது. ஆனால் பொக்ஸ் அசைந்தது. போல்ட் இறுக்கமாக இருக்கப் பொக்ஸ் எப்படி அசையும்? அது பூட்டியிருக்கிற சேசிஸும், அதாவது வண்டியின் இரும்புச் சட்டமும், சேர்ந்து அசைந்தால்தான். லைட்டை இன்னும் கிட்டப் பிடித்தேன். சேசிஸில் மயிர் கனத்தில் ஒரு கோடு. றெஜினா இடப்பக்கம் திருப்ப அது திறந்தது. வலப்பக்கம் திருப்ப மூடியது. உயிருள்ள மீனின் செவுள் மாதிரி.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த இடத்தில் மட்டும் கறுப்புப் பெயின்ற் புதிதாக இருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். அடியில் வெல்டிங். கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் போடுகிற மாதிரிப் புளியங்கொட்டை புளியங்கொட்டையாக ஒட்டிய வெல்டிங். அதுதான் பிளந்திருந்தது.

வெளியே வந்து கேட்டேன். “இஞ்ச ஆர் ஒட்டினது?”

“என்னத்தை ஒட்டினது?”

“சேசிஸை.”

“என்ர வண்டியிலை அப்பிடி ஒரு ஒட்டும் இல்லை அண்ணை. வாங்கி ஆறு வரியம். நான்தானே ஓடுறன், எனக்குத் தெரியாதோ?”

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. போனை எடுத்தார். “இஞ்சாருங்கோ. உடன கராச்சுக்கு வாங்கோ,” என்றார். அவ்வளவுதான்.

4. ரயர் இல்லை

சீலன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “என்ன அண்ணை, ரயர்தானே?” என்றார்.

லைட்டைக் கையில் கொடுத்து வண்டிக்குக் கீழே காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர நேரம் எடுத்தது.

“நான் அது சரிவந்திட்டுது எண்டு நினைச்சனான்,” என்றார் மெதுவாக.

“எது?” என்று றெஜினா கேட்டார்.

பிறகு கதை துண்டு துண்டாக வந்தது. மழைக்காலத்தில் ஒரு பின்னேரம், கடல் கொந்தளித்த நேரம், சீலனுடைய தமையன் தாசனின் போட் கரையில் பாதி ஏறியும் ஏறாமலும் மணலில் இறுகிப்போனது. அலை அடிக்க அடிக்கப் போட் உடைகிற நிலை. ஐந்து ஆறு பேர் இழுத்தும் அசையவில்லை. சீலன் ஓடிப்போய்ப் பிக்கப்பைக் கொண்டுவந்து, முன்பக்கச் சேசிஸில் கயிற்றைக் கட்டி, றிவேர்ஸில் போட்டு வெட்டி வெட்டி இழுத்திருக்கிறார். அப்போதுதான் ஸ்டியரிங் பொக்ஸுக்குப் பக்கத்தில் சேசிஸ் வெடித்தது. பயந்துபோய், கேற் ஒட்டுகிற ஒருவரைக் கொண்டு ஒட்டுவித்துப் பெயின்றும் அடித்துவிட்டார்.

“நீர் அப்ப கோயிலுக்கு நவநாள் பூசைக்குப் போயிருந்தனீர்,” என்றார் மனைவியிடம்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சீலனே விளக்கினார். நாலு வருடமாக றெஜினாவும் தாசனின் மனைவி றோஸும் கதைப்பதில்லை. சீலனுடைய மூத்த பிள்ளை கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று குடும்பப் படம் எடுக்கும்போது றோஸைக் கூப்பிட மறந்துபோனார்களாம். றோஸ் புதுச் சீலையோடு குசினிக்குள் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தாராம். படம் சுவரில் தொங்குகிறது. றோஸ் அதில் இல்லை. அதன் பிறகு அந்த வீட்டுப் பேச்சே இந்த வீட்டில் எடுக்க ஏலாது.

றெஜினா சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் கணவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

“போட் ஏறிச்சோ?”

“ஏறிச்சு.”

“கொண்ணருக்கு உதவினதுக்கு நான் உங்களைத் தின்னப் போறனோ? இந்த உடைஞ்ச வண்டியிலை என்னை ஒவ்வொரு நாளும் கடலுக்கு நடுவாலை அனுப்பியிருக்கிறியள். ஆட்டம் எண்டு நான் சொல்லச் சொல்ல, ரயர் ரயர் எண்டு…”

“ஒட்டினபடியா ஆட்டம் அதாலை இல்லை எண்டு நினைச்சன், றெஜினா. சத்தியமா ரயர் எண்டுதான் நினைச்சன்.”

நான் எனக்கு அவசியமே இல்லாத ஒரு நட்டைத் தேடிக் கராச்சின் பின்பக்கம் போனேன்.

5. தேத்தண்ணி

திருத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் பொக்ஸைக் கழற்றினோம். சேசிஸ் வேலை தெரிந்த வெல்டர் ஒருவரை ரவுனில் இருந்து கூப்பிட்டேன். அவர் பழைய ஒட்டை முழுக்க அரைத்து எடுத்தார். வெடிப்பின் நுனியில் சின்ன ஓட்டை துளைத்தார். அது வெடிப்பு மேலே ஓடாமல் தடுக்கும். பிறகு ஆழமாக ஒட்டி, மேலே ஒரு தகடும் வைத்தார். தகட்டின் ஓரத்தைச் சரிவாக வெட்டினார். நேராக வெட்டி நேராக ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே மறுபடி வெடிக்கும். கடைசியாக நான் நூல் பிடித்து முன்சில்லுகளின் நேரைப் பார்த்தேன். இரண்டு நாள் வேலை.

அந்த இரண்டு நாளில் கரம்பொன்னில் நடந்ததைச் சீலன் எனக்குச் சொன்னார். முதல் நாளே றெஜினா நேராகத் தாசன் வீட்டுக்குப் போயிருக்கிறார். போனது சண்டை பிடிக்க.

“‘உங்கட போட்டை இழுத்துத்தான் என்ர வண்டி உடைஞ்சது, தெரியுமோ’ எண்டு படலையிலை நிண்டு கத்தினவ அண்ணை. றோஸ் அண்ணி வெளியிலை வந்தவ. அவவுக்கு ஒண்டும் தெரியாது, அண்ணர் அவவுக்கும் சொல்லேல்லை. பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து எங்கள் ரெண்டு பேரையும் பேசினவை. பேசிப் பேசிக் களைச்சுப்போய்த் தேத்தண்ணி குடிச்சவை.”

“படத்துக் கதை வந்ததோ?”

“வந்தது. அதுக்கு வேற அழுதவை. ஞாயிற்றுக்கிழமை புதுப்படம் எடுக்கிறதாம்.”

வண்டி எடுக்க வந்தபோது முன்சீற்றில் ஏறியது றெஜினாவும் றோஸும். ஓடிப் பார்க்க வேண்டிய நானும், வண்டியை உடைத்த சீலனும் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குந்தினோம். பண்ணைக்கு வந்ததும் றெஜினா அறுபதில் ஏற்றினார். அதே மூட்டு வந்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டி நூல் பிடித்த மாதிரிப் போனது. முன்னால் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வருடத்துப் பேச்சு மிச்சம் இருந்தது.

நான் இதில் படித்தது இரண்டு விஷயம். முதலாவது, வண்டி எப்படி ஓடுகிறதோ அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும். நிலத்தில், தன் பாரத்தோடு. இரண்டாவது, ஆட்டம் எப்போது தொடங்கியது, அதற்கு முன் வண்டிக்கு என்ன நடந்தது என்று ஓடுகிறவர், ஓடாதவர் எல்லாரிடமும் கேட்க வேண்டும். முதல் நாளே கேட்டிருந்தால் றெஜினா “மழைக்காலம் முடிஞ்ச கையோட” என்று சொல்லியிருப்பார். மூன்று தரம் சாமான் மாற்றிய நான், ஒரு தரம்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இப்போது முன்பக்க ஆட்டம் என்று யார் வந்தாலும் நான் முதலில் ஜக்கை எடுப்பதில்லை. கதிரை எடுத்துப் போடுகிறேன். கணவன் மனைவியாக வந்தால் இரண்டு கதிரை. ஒன்றைக் கராச்சுக்கு உள்ளே போடுவேன். மற்றதைக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்துக்குக் கீழே.