வெண்கட்டியால் வரைந்த தெரு

மூன்று வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தென் லண்டன் நோர்பரியில் உள்ள எங்கள் தேவாலய மண்டபத்தில் நடந்தது இது. அன்று மத்தியானம் வரைக்கும், என்னைப்போல ஒழுங்காக வேலை செய்கிற ஆள் அந்தத் தேவாலயப் பங்கிலேயே கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. கவுன்சில் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். குளிர்காலத்தில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு வாராவாரம் உணவுப் பெட்டி கொடுக்கும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் ஒப்படைத்ததும், முதல் வேலையாக இரண்டு பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். வருமானம் என்ன, வாடகை என்ன, வீட்டில் எத்தனை பேர், ஆதாரக் கடிதம் எங்கே. எல்லாம் நிரப்பித் தந்தால்தான் பெட்டி. யாரும் என்னை ஏமாற்ற முடியாது. பாதர் இரண்டு தரம் மெச்சினார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அந்த மாதத் தொடக்கத்தில், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு போலந்து முதியவரை ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. சரியான சாப்பாடும் சூடும் இல்லாமல் வீட்டில் விழுந்து கிடந்திருக்கிறார். என் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பாதர் ஆடிப்போனார். உடனே அந்தச் சனிக்கிழமைக்குக் கூட்டம் அறிவித்து, இந்தக் குளிருக்குள் இன்னொருவர் இப்படி விழக்கூடாது, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள் என்றார். நானும் சளைக்காமல், இரண்டு பக்கப் படிவத்தை மூன்று பக்கமாக்கிக் கொண்டு போனேன்.

கூட்டத்துக்கு ருவாண்டா நாட்டுப் பெண்மணி ஒருவரும் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முதியோர் இல்லத்தில் தாதி. ஞாயிறு பூசையில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவர் தேநீர் ஊற்ற வந்தவர் என்று நானாகவே முடிவு கட்டி, பால் எங்கே, கோப்பைகள் எங்கே என்று காட்டிக்கொடுத்தேன். அவரும் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

நான் படிவத்தை விளக்கி முடித்ததும் அவர் கையை உயர்த்தினார். இந்தத் தாள் யாருடைய கைக்குப் போகும் என்று கேட்டார். மண்டபத்துக்கு வருகிறவர்கள் கைக்கு என்றேன். வராதவர்கள் கைக்கு எப்படிப் போகும் என்றார். வராதவர்களை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் எரிச்சலோடு திருப்பிக் கேட்டேன்.

“உங்களுக்கு அவர்களை ஏற்கெனவே தெரியும். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்,” என்றார்.

பிறகு ஆற அமரச் சொன்னார். லண்டனுக்கு வரும் முன் அவர் ஒரு மலைக்கிராமத்தின் தலைவி, ஊரார் தெரிவு செய்தவர். இனப்படுகொலைக்குப் பிறகு அவர்கள் நாட்டில் காசும் இல்லை, ஆளை ஆள் நம்புவதும் இல்லை. வெளிநாட்டு நிபுணர்கள் தாளும் பேனாவுமாக வந்து போனார்களாம். கடைசியில் ஊரார் தங்களிடமே இருந்த ஒரு பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தார்கள். மழைக்கு முன் ஊரே கூடி ஒருவர் நிலத்தை மற்றவர் கொத்திக் கொடுக்கிற வழக்கம், பெயர் உபுதேஹே. அதே மாதிரி ஊரார் கூடி, நிலத்தில் தங்கள் ஊரை வரைந்து, ஒரு வீடு விடாமல் குறித்து, எந்த வீட்டின் நிலைமை என்ன, முதலில் செய்ய வேண்டியது என்ன என்று தாங்களே தீர்மானித்து மேலிடத்துக்குச் சொல்வார்கள். தலைவியாக அவருடைய வேலை, பேசாதவர்களைப் பேச வைப்பது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆப்பிரிக்கா என்றால் தவக்காலத்தில் உண்டியல் வைத்துச் சேர்த்து அனுப்புகிற இடம். அங்கிருந்து லண்டனுக்கு ஒரு வழிமுறை வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் தமிழ்ச் சனத்துக்கு இது சரிவராது, வீட்டுக் கஷ்டத்தை நாலு பேர் பேசினால் மானம் போய்விடும் என்று வாதாடினேன். அவர் சிரித்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார். ஆட்டை ஒளித்து வைத்துவிட்டு ஏழை என்று வந்து நின்றவர்களும், என்னை ஏன் வசதியானவன் என்று எழுதினாய் என்று சண்டைக்கு வந்தவர்களும் இருந்தார்களாம். பிழை வரத்தான் செய்யும், ஆனால் அதைத் திருத்துவதும் நாங்களேதான் என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. நான் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

கதிரைகளை ஓரமாக ஒதுக்கினோம். மறைக்கல்வி வகுப்பு அலுமாரியிலிருந்து வெண்கட்டிகள் வந்தன. அவர் முழந்தாளிட்டுப் பெரிய ரோட்டையும் ரயில் பாதையையும் தரையில் வரைந்தார். இரண்டே கட்டுப்பாடுதான் போட்டார். கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், கேள்விப்பட்டதைச் சொல்லக்கூடாது. இங்கே பேசியது இந்தக் கதவுக்கு வெளியே போகக்கூடாது. பிறகு வெண்கட்டிகளை எங்களிடம் தந்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முழங்கால் வலியோடு என் தெருவை நானே வரைந்தேன். எங்கள் தெருவில் கஷ்டப்பட்டவர்கள் யாரும் இல்லை என்று அறிவிக்கவும் செய்தேன். என் வீட்டிலிருந்து மூன்றாவது கதவில் யாழ்ப்பாணத்துக் கணவன் மனைவி, என்னைவிட மூத்தவர்கள். வாசலில் பெரிய கார் நிற்கும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

வீடு வீடாகத் தபால் போடுகிற நைஜீரியப் பெண் குனிந்து அந்த வீட்டைத் தொட்டாள். அந்தக் கார் கோடைக்குப் பிறகு அசையவில்லை, சில்லுக்கடியில் இலைச் சருகு குவிந்து கிடக்கிறது என்றாள். தமிழ்க் கடையில் காசாளராக இருக்கிற பிள்ளை தயங்கித் தயங்கி, “அந்த அக்கா கடை பூட்டுற நேரம்தான் வருவா. விலை குறைச்ச பாண் மட்டும் எடுத்துக்கொண்டு போவா,” என்றாள். எதிர்ப்பக்கத்து வீட்டு ஐரிஷ்காரர் யோசித்துவிட்டு, காலையில் எல்லா வீட்டுச் சுவரிலும் வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் குழாயால் ஆவி பறக்கும், அந்த வீட்டில் மட்டும் இந்த மாதம் பறக்கவே இல்லை என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தனித்தனியே அது ஒன்றுமே இல்லாத விஷயம். சேர்த்துப் பார்த்தால், உள்ளே இருவர் சாப்பாடும் சூடும் இல்லாமல் இருக்கிறார்கள். அந்த வாசலை நான் தினமும் இரண்டு தரம் கடந்து போகிறவள்.

ஒரு பெட்டியையும் படிவத்தையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ருவாண்டாப் பெண்மணி என் கையைப் பிடித்து இரண்டையும் வாங்கி வைத்தார். முதலில் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள், பிறகு அவர்கள் இங்கே வந்து நமக்கு என்ன உதவி செய்ய முடியும் என்று கேளுங்கள், வரைபடத்தில் இருக்கிற எல்லாருக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்றார்.

கதவைத் திறந்த அக்கா, வீட்டுக்குள்ளேயே கோட்டும் மேலே சால்வையும் போட்டிருந்தார். உள்ளே தெருவைவிடக் குளிர். அண்ணை கம்பளியால் போர்த்துக்கொண்டு சோபாவில் இருந்தார். வசந்த காலத்தில் இதய ஆபரேஷன், அதோடு வேலையும் போய்விட்டது. கனடாவில் இருக்கிற மகனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா எனக்குப் பால் இல்லாத தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மண்டபத்தில் சனிக்கிழமை சமையலுக்கு ஆள் இல்லை, நீங்கள் வந்தால் பெரிய உதவி என்று நான் ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நான் ஒருக்கா வந்தனான், தங்கச்சி.”

“எங்க அக்கா?”

“மண்டபத்துக்குத்தான். செப்டம்பரில. நீங்கள் போர்ம் தந்து, பாங்க் கடிதம் கொண்டு வாங்கோ எண்டு சொன்னனீங்கள். பின்னால எங்கட சனம் நிண்டவை. வேற ஒராளுக்குக் கேக்க வந்தனான் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்கு அவர் வந்தது நினைவிலேயே இல்லை. மூன்று கதவு தள்ளி இருக்கிற முகம், என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறது, நான் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இலங்கையில் போருக்குள் நாங்கள் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தபோது, என் அம்மா நிவாரண வரிசையில் நின்று, பெயர் பதிகிறவர் ஒரு தரமாவது நிமிர்ந்து பார்க்கமாட்டாரா என்று காத்திருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அந்த நிமிராத ஆளாக நான் எப்போது மாறினேன்?

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா,” என்றேன்.

“தேத்தண்ணி ஆறப்போகுது. குடியுங்கோ,” என்றார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். இரண்டாம் வாரமே சமையலறை அக்காவின் ஆட்சிக்குள் போய்விட்டது. உப்பு, புளி விஷயத்தில் நான் மூக்கை நுழைத்தால் நேரே வெளியே அனுப்பிவிடுவார். பாரம் தூக்கக்கூடாத அண்ணை தொலைபேசியோடு உட்கார்ந்து, தனியே இருப்பவர்களுக்குக் காலையில் ஒவ்வொருவராக எடுத்துச் சுகம் விசாரித்தார். சமைத்தவர்கள் எல்லாரும் போகும்போது ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டதால், யார் தேவைக்கு எடுக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டைச் சூடாக்க அரசாங்க உதவி இருக்கிறது என்று தெரிந்ததும் அக்கா அதற்கான விண்ணப்பத்தோடு என்னிடமே வந்தார். அவர் வீட்டு மேசைக்கு முன் உட்கார்ந்து, இருவருமாகச் சேர்ந்து நிரப்பினோம். அந்தக் குளிர்காலத்தில் என் பட்டியலில் இல்லாத பதினொரு வீடுகளைத் தரையிலிருந்துதான் கண்டுபிடித்தோம். ஆம்புலன்ஸ் ஒரு வீட்டுக்கும் வரவில்லை.

பொறுப்பை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று ருவாண்டாப் பெண்மணியிடம் மனதாரக் கேட்டேன். மறுத்துவிட்டார். இது நீங்கள் இருக்கிற தெரு, உங்களால் ஏலும் என்றார். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் வரைகிறோம், அவரும் ஒரு மூலையில் இருந்து தன் தெருவை வரைகிறார்.

பதினெட்டு வருட உத்தியோகம் எனக்குப் படிப்பிக்காததை, தன் ஊரைத் தன் ஊராரைக்கொண்டே நிமிர்த்திய ஒரு கிராமத்துத் தலைவி ஒரே மத்தியானத்தில் படிப்பித்துவிட்டார். இன்றைக்கும் மண்டபத்துக்குள் யாராவது தயங்கித் தயங்கி வந்தால், நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழும்பி நின்று, முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.