வலிக்குதாம் என்று சொல்லக் கூடாது

எனக்குப் பொறுமை கிடையாது. தீவில், ஹேடோ துறைமுகத்துப் பக்கம் மொத்தக் காய்கறிக் கடை வைத்திருப்பவனுக்கு அது எங்கிருந்து வரும்? மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போனால் வெங்காயம் முளைவிடும், தக்காளி தண்ணீராய் ஓடும், வாங்க வந்தவன் என் மூஞ்சியைப் பார்த்தே விலை கேட்காமல் போய்விடுவான். அப்படிப்பட்ட நான் தினமும் சாயங்காலம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். முன்பின் தெரியாதவர்களின் வயிற்றுவலியையும் மூச்சிரைப்பையும் டாக்டரிடம் இந்தியில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். இதற்கு ஒரே காரணம் அக்கா. அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். வார்ஃபில் இறங்கும் சரக்கைச் சரிபார்த்து விடும் ஆபீசில் வேலை. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் போல் இல்லாமல், கடைக்காரன் என்றால் அவருக்கு எல்லோரும் அண்ணாச்சிதான். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை அக்கா என்பேன். பக்கத்தில் நிற்கும் பெங்காலி லோடுமேன்கள் எங்களில் யார் பெரியவர் என்று கடைசிவரை குழம்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

வேலை முடிந்ததும் அவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவார். தீவில் இந்தி தெரியாமல் காலம் தள்ளுவது கஷ்டம்தான். ஆனாலும் தள்ளியவர்கள் இருக்கிறார்கள். சிலோனிலிருந்து வந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்த பாட்டிமார்கள், போன மாதம்தான் காண்ட்ராக்டரோடு கப்பலேறி வந்த கொத்தனார் பெண்டாட்டிகள். தமிழ் நர்ஸ்கள் உண்டு, பாவம், அவர்களுக்கு நிற்க நேரமில்லை. அக்கா கட்டில் கட்டிலாகப் போய், இவர்கள் சொல்வதை டாக்டருக்கும் டாக்டர் சொல்வதை இவர்களுக்கும் சொல்வார். யாரும் கேட்டுக்கொண்டதல்ல, சம்பளமும் இல்லை. வாசலில் செருப்பைச் சரிசெய்வதுபோல் ஒரு நிமிஷம் குனிந்து நின்று ஜெபம் செய்வார். என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "என் வாயில என் பேச்சு வராம இருக்கட்டும்னு கேப்பேன்" என்றார்.

ஒருநாள் இரண்டு கப்பல் சேர்ந்தாற்போல் வந்துவிட்டது. அவரால் நகர முடியவில்லை. "அண்ணாச்சி, மாயாபந்தர்ல இருந்து ஒரு அம்மா வந்து படுத்திருக்காக. இன்னிக்கு ஒருநாள் நீங்க போய்ப் பேசிட்டு வாங்க" என்றார். போனேன். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். அந்த அம்மா தொடங்கினார். மகன் கோபித்துக்கொண்டு போனது, அன்றிலிருந்து சோறு இறங்காதது, இடது பக்கமாகப் பிடித்து முதுகுக்குப் போவது, வெந்நீர் குடித்தால் கொஞ்சம் விடுவது என்று பேசிக்கொண்டே போனார். நான் டாக்டரைப் பார்த்து, "பேட் மே தர்த்" என்றேன். வயிற்றில் வலி. வேலை முடிந்தது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்த அம்மா அவ்வளவு நேரம் பேசியிருக்காக. நீங்க மூணு வார்த்தைல முடிச்சிட்டீங்களாம். மிச்சத்த யாருக்கு வச்சிருக்கீங்க?"

"அக்கா, வயித்துவலிக்கு மகன் கதை எதுக்கு?"

"அத டாக்டர் முடிவு பண்ணட்டும். அங்க நூறு மூட்டை ஏத்தி இங்க மூணு மூட்டை இறங்கினா நீங்க என்னையச் சும்மா விடுவீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடமாட்டேன் என்பது எனக்கே தெரியும். அந்த வீம்பில்தான் அடுத்த நாளும் போனேன். அப்படியே வழக்கமாகிவிட்டது.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. சொல்பவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவங்களுக்கு வலிக்குதாம்' என்ற பேச்சே கூடாது. டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போதும் அப்படித்தான். 'ஆபரேஷன் பண்ணணுமாம்' இல்லை, 'ஆபரேஷன் பண்ணணும்'.

"அந்த 'ஆம்' இருக்கே, அதப் போட்டா நீங்க தப்பிச்சிக்கிடலாம். வலிக்குதாம்னா, வலிச்சாலும் சரி, வலிக்கலேன்னாலும் சரி, எனக்கென்னன்னு ஆயிரும். வலிக்குதுன்னு சொல்லிப் பாருங்க, அப்பந்தான் தெரியும்."

சொல்லிப் பார்த்ததில் என் மானம் கப்பலேறியதுதான் மிச்சம். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குப் பால் சுரக்கவில்லை. ராத்திரியெல்லாம் அழுகிறேன் என்றாள். முறுக்கிய மீசையும் நெற்றியில் பட்டை விபூதியுமாக நான் டில்லிப்பக்கத்து இளம் டாக்டரிடம் போய், எனக்குப் பால் வரவில்லை, ராத்திரியெல்லாம் அழுகிறேன் என்று இந்தியில் சொன்னேன். "மை ராத் பர் ரோத்தா ஹூன்." வார்டே சிரித்தது. அந்தப் பெண்ணின் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்காமல், "ரோத்தா இல்ல, ரோத்தீ. பேஷன்ட் பொம்பளைல்லா" என்று திருத்தினார்.

தமிழில் இந்த வம்பே இல்லை. 'அழுகிறேன்' என்றால் ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். இந்தியில் வாயைத் திறந்தாலே ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டும். தீவு இந்தியில் அதையெல்லாம் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, நானும் அதுவரை பார்த்ததில்லை. அக்கா விடவில்லை. அந்த இளம் டாக்டர் என் மீசையையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, எப்போதிலிருந்து அழுகிறாய் என்று என்னிடமே கேட்டார். நான் திரும்பி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்களுக்குள் சாமி விஷயத்தில் சண்டை வந்ததில்லை, கேலிதான். "என்னை மதம் மாத்தத்தானே இப்படிப் பழக்குறீங்க?" என்று சீண்டுவேன். "ஒங்கள மாத்தி எனக்கு என்ன ஆகப்போவுது? ஒங்க கொரலக் கேட்டா சபைல இருக்கவங்களும் எந்திரிச்சிப் போயிருவாங்க" என்பார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு முறுக்கும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் கரும்பும் கை மாறும். நான் ஒருவரை மதித்து, பயந்து, கூடவே சிரிக்கவும் முடிந்தது அவரிடம்தான்.

பிறகு ஒருநாள் வார்ஃபில் ஃபோர்மேனிடம் அக்கா தமிழில் பேசினார். அவர் பெங்காலி. அக்கா விளையாடுகிறார் என்று சிரித்தார். அக்கா திரும்பவும் தமிழிலேயே பேச, அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்தார். ஸ்கேன் எடுத்ததில் தலைக்குள் இடது பக்கம் கட்டி என்றார்கள். இத்தனை வருஷம் பேசிய இந்தி துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. யாராவது பேசினால் காதில் விழும், புரியாது. தமிழ் மட்டும் அப்படியே இருந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காகப் பேசியவருக்கு இப்போது ஒரு ஆள் தேவைப்பட்டது. அவர் என்னைக் கேட்டார்.

ஊரில் அக்காவுக்கு இருந்தது ஒரே தம்பி, அவர் தூக்கி வளர்த்த தம்பி. விஷயம் தெரிந்ததும் அக்காவைச் சென்னைக்குக் கூட்டிப்போக டிக்கெட் எடுத்துவிட்டார். டாக்டர் அவரிடம் போனில் இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். சென்னையில் ஆபரேஷன் செய்தால் சில வருஷம் இருக்கலாம். ஆனால் கட்டி இருக்கும் இடம் மோசம், பேச்சு முழுக்கப் போய்விட வாய்ப்பு அதிகம். செய்யாவிட்டால் சில மாதங்கள்தான்.

அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஒங்களத்தான் நம்பியிருக்கேன். பேச்சு போற விஷயத்த மட்டும் அக்காகிட்ட சொல்லாதீங்க. அதச் சொன்னீங்கன்னா அவ வரவே மாட்டா. உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

எனக்கும் அதுவே போதும் என்றுதான் இருந்தது. என் ஆசையை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு வாக்கியத்தை விழுங்கினால் அக்கா பிளேன் ஏறிவிடுவார். சென்னையில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், அங்கே யாராவது சொல்லித் தொலைக்கட்டும், அதற்குள் ஆபரேஷன் டேபிள்வரை போயிருப்பார். ஆஸ்பத்திரிப் படியேறும்போதுகூட அந்த எண்ணம்தான். 

டாக்டர் கட்டிலருகே நின்று நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எனக்காக நிறுத்தினார். அந்த வாக்கியம் வந்தது. டாக்டர் நிறுத்தினார். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் அவர் நம்பவில்லை, என்னை நம்பியிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டிமேல், அக்காமேல், இந்த வேலையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியதன்மேல்.

"ஆபரேஷன் பண்ணா உங்க பேச்சு போயிடும். பெரும்பாலும் போயிடும்" என்றேன். 'ஆம்' போடவில்லை.

"அப்ப நான் போகல" என்றார் அக்கா.

"எங்களயெல்லாம் நெனச்சுப் பாத்தீங்களா?" என்று கத்திவிட்டேன்.

"இது டாக்டர் கேக்காரா, நீங்க கேக்கீங்களா?"

"நான்தான் கேக்குறேன்."

"அப்ப மொதல்ல அவருக்குப் பதில் சொல்லுங்க. பாவம், நிக்காருல்லா."

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். "மை நஹீ ஜாவூங்கி" என்றேன். நான் போகமாட்டேன், பெண்பாலில். இந்தத் தடவை வார்டில் யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் போன பிறகுதான் அக்கா என் கேள்விக்கு வந்தார். "பேச்சில்லாதவளப் பாக்க எத்தன நாளு வருவீங்க?"

"தினமும் வருவேன்."

"வருவீங்க. அதான் வேண்டாங்கேன்."

அதற்கப்புறம் இருந்த மாதங்களில் முடிந்த நாட்களிலெல்லாம் என்னோடு வார்டுக்கு வந்தார். இந்தி நான் பார்த்துக்கொண்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தமிழில் கதை கேட்டார். தம்பிக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. அக்கா போன் செய்தால் எடுக்கவில்லை. அக்கா அதற்காக என்முன் அழுதது ஒரே ஒருமுறை. பிறகு, "நான் சொல்லுதத மனசுல வச்சிக்கிடுங்க. அவன் வந்தாச் சொல்லணும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

தம்பி வந்தது அடக்கத்துக்குத்தான். கல்லறையில் பாஸ்டர் ஜெபம் முடித்து, எல்லோரும் மூன்று பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நானும் போட்டேன். தம்பி நேராக என்னிடம் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"ஒரு வார்த்தைய நீங்க விட்டிருந்தா எங்கக்கா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பா."

"இருந்திருக்கலாம்" என்றேன். அது உண்மை. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கே இன்னொரு கட்டிலருகே அப்படி நிற்க நேர்ந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் கை ஓங்கிவிடுவார் என்று நினைத்தேன். ஓங்கினால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தேன். அதற்குமுன் அக்கா கொடுத்ததைக் கொடுத்துவிட வேண்டும். அவரை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"தம்பி, எனக்கு உம்மேல கோவம் இல்ல. நீ போனை எடுக்கலேன்னா நான் ஒன்ன விட்டுருவனா? நான் போன பொறவு நீ கண்டிப்பா வருவே. கப்பல்ல வராத, ஒனக்கு ஒத்துக்கிடாது, போன தடவ மூணு நாளும் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தே. ப்ளைட்ல வா. வந்து அழுதுக்கிட்டுப் பட்டினி கெடக்காத. சாப்பிடு."

அந்த மனிதர் என் மீசையையும் விபூதியையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். உதடு கோணியது.

"ப்ளைட்லதான்க்கா வந்தேன்" என்றார் என்னிடம். "இன்னும் சாப்பிடல."