காரைக்காலில் ஒரு ஏற்றம் தேடி

கார் கொடைக்கானல் போகிறது என்று முடிவான நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் அண்ணனை நான் நானா என்பேன்; அவர் மனைவி எனக்கு மச்சி. அவர்களுடைய பிள்ளைக்கு நெஞ்சில் இழுப்பு. கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, வெயில் காலம் முடியும்வரை மலையில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் புறப்பாடு. நானா ஓட்டுவார், பக்கத்தில் நான், பின்சீட்டில் மச்சியும் பிள்ளையும். நான் அதுவரை மலையே பார்த்ததில்லை.

திருச்சியில் கல்லூரி லீவு விட்டதால் ஊருக்கு வந்திருந்தேன். காரோடு வந்த விளக்கப் புத்தகத்தை நானா பிரித்ததே இல்லை. நான் அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். ஏற்றத்தில் வண்டி நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்று அதில் இருந்தது. உடனே ஷெட்டுக்கு ஓடி லீவரை இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி இறுகி நின்றது. இவ்வளவு இறுக்கம் நல்லதா கெட்டதா?

நானாவிடம் கேட்டேன்.

"ஹேண்ட் பிரேக்கா? வாங்குன நாள்லேருந்து அது ஒரு தொல்லையும் குடுத்ததில்ல."

"அதுக்கு நீங்க ஒரு வேலையும் குடுத்ததில்லையே நானா."

"நிறுத்துனா வண்டி நிக்குதுல்ல?"

"நம்ம ஊர்ல பிரேக்கே இல்லாட்டியும் நிக்கும்."

விஷயம் அதுதான். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்த காலத்தில் வாங்கிய கார். சாவடிக்குச் சாவடி இறங்கி ஏற அலுத்துப்போய் நானா அதை ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகிவிட்டார். ஊரோ பாய் விரித்த மாதிரி. ஜாக்கியால் பின்சக்கரத்தைத் தூக்கிச் சோதிக்கலாம் என்றால் ஜாக்கியை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். யார் என்று நானாவுக்கே நினைவில்லை. எனக்கு ஒரு சரிவு வேண்டும், அவ்வளவுதான்.

சைக்கிளை எடுத்தேன். நெடுங்காடு ரோட்டில் ஓட்டிக்கொண்டே மிதிப்பதை நிறுத்திப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் சைக்கிள் நின்றது. திரும்பி வரும்போதும் நிறுத்தினேன், அப்போதும் நின்றது. வாய்க்கால் தண்ணீரே எந்தப் பக்கம் போவது என்று யோசித்துக்கொண்டு கிடந்தது. குரும்பகரம் போனேன், கடற்கரைக்குப் போனேன். கடைசியில் ஊரைத் தாண்டாமலே, அரசலாற்றுப் பாலத்தில் ஏறும் இடத்தில், பெடல் காலுக்குக் கனத்தது. இறங்கி, பிடியைத் தளர்த்திப் பார்த்தேன். சைக்கிள் தானாகப் பின்னால் வந்தது. வீட்டுக்குப் பறந்தேன்.

நானா அசையவில்லை. "பாலத்து மேல காரை நிறுத்தி வேடிக்கை காட்டச் சொல்றியா?"

கதவுக்குப் பின்னாலிருந்து மச்சி சொன்னார்: "ஒரு தடவ பாத்துடுங்களேன். அப்பவாச்சும் வாய மூடுவான். புள்ளைக்கும் காத்தோட்டமா இருக்கும்."

வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். எங்கள் வீட்டுப் பெண்கள் ஏறும் கார் என்பதால் பின்சீட்டின் பக்கக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் பச்சைத் திரை தைத்துப் போட்டிருந்தது. பின்திரையையாவது எடுத்துவிடலாம், ஓட்டுகிறவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரிய வேண்டாமா என்று முதலிலேயே கேட்டிருந்தேன். "பின்னாடி என்ன வந்தா என்ன, நாம முன்னாடிதானே போறோம்" என்று நானா முடித்துவிட்டார்.

ஏற்றத்தின் பாதியில் நிறுத்தினார். கியரை எடுத்தார். லீவரை இழுத்தார், அதே கல் மாதிரி நின்றது. "இப்ப கால எடுக்குறேன், நல்லாப் பாத்துக்க" என்று காலைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன, போதுமா?"

பாலத்தின் கைப்பிடிச் சுவர் என் ஜன்னலருகே மெல்ல முன்னால் நகர ஆரம்பித்தது. சுவர் எப்படி நகரும் என்று ஒரு கணம் யோசித்தேன். நானா என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சிதான் பின்திரையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். "கால வைங்க. ஆளு நிக்குது."

நானாவின் கால் பிரேக்குக்குப் போனது. பிள்ளை சீட்டின் முதுகில் முட்டி அழுதான். நான் இறங்கி ஓடினேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மா கூடையை ரோட்டில் இறக்கி, தலைச் சும்மாட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். கூடைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

அவர் அவசரப்படாமல் நானாவின் ஜன்னலுக்கு வந்தார். "மொதலாளி, இந்தக் காருக்கு மொகம் எந்தப் பக்கங்க? தெரிஞ்சா அதுக்குத் தக்கன ஒதுங்கிக்குவோம்ல."

"தப்பா நெனச்சுக்காதம்மா."

"நெனக்க என்ன இருக்கு. கூடையில கெடக்குறது ஏற்கனவே செத்த மீனுதானே."

வீடு வந்ததும் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தேன். லீவரிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் கம்பிக் கேபிள் உப்புத் துருவில் அதன் குழாய்க்குள்ளேயே இறுகிக் கிடந்தது. மேலே நானா லீவரை இழுத்தார். கீழே சக்கரத்தின் பக்கம் ஒன்றுமே அசையவில்லை. எங்கள் கையில் இத்தனை நாளும் கல் மாதிரி நின்றது பிரேக் இல்லை, துரு. தினமும் காலையில் முகம் தெரியும்படி காரைத் துடைக்கிறோம். கடலோரத்து வண்டிக்கு அடியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டவர் யாருமில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டினேன். கேபிளில் ஒரு புரி அறுந்தது. புதியது தஞ்சாவூரில்தான் கிடைக்கும்.

"ஏத்தத்துல நிறுத்தாமப் போயிட்டா போச்சு" என்றார் நானா. "நிறுத்துனா நீ குதிச்சு ஒரு கட்டைய சக்கரத்துக்கு அடியில வை."

மறுத்திருக்க வேண்டியவன் நான். ஆனால் விடிந்தால் மலை. விறகுக் கொட்டகைக்கு ஓடி, ஒரு பக்கம் சரிந்த நல்ல கட்டையாகத் தேடிக்கூட எடுத்துவிட்டேன்.

மச்சி என் கையைப் பார்த்தார். "இவன் குதிச்சு, பின்னால ஓடிவந்து, அத வக்கிறதுக்குள்ள நானும் புள்ளையும் எங்க இருப்போம்?"

நான் கட்டையைக் கீழே போட்டேன்.

"நாங்க ரயில்ல போறோம். மலைக்கு அன்னாடம் ஏறி எறங்குற பஸ்ஸு இருக்கு."

"கார்ல போறோம்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சே" என்றார் நானா.

"ஊரா வந்து பின்சீட்டுல உக்காரப்போவுது?"

ஆக, நானா அவர்களை அழைத்துக்கொண்டு ரயிலில் போவது, நான் கேபிளை மாற்றி வைப்பது என்று ஆனது. ஸ்டேஷனில் பிள்ளை மச்சியின் மடியில் சாய்ந்து, விசில் ஊதுவது போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நானா என்னைப் பார்க்காமல் மூட்டைகளைத் திரும்பத் திரும்ப நகர்த்தினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. எல்லாம் என்னால்தான், நான் மட்டும் பிளாட்பாரத்தில்.

மச்சி ஜன்னலோரம் குனிந்தார். "கேபிள் மாட்டுனதும் அதே பாலத்துல கொண்டுபோய் நிறுத்து. லீவர இழுத்துட்டு எறங்கி, வண்டிக்குப் பின்னாடி போய் நீ நில்லு. நீ நின்னேன்னு சொன்னா, திரும்பி வர்றப்ப நான் கார்ல வர்றேன்."

"சரி மச்சி" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ரயில் நகர்ந்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று உறைத்தது. கேபிள் மட்டும் போதாது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கட்டைகள், ஸ்பிரிங்குகள், இன்னும் எதெதெல்லாம் துருப்பிடித்திருக்குமோ அத்தனையையும் கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, தஞ்சாவூருக்குப் பஸ் எப்போது என்று கேட்க ஓடினேன்.