பலா மர நிழலுக்கு விம்பர்லிகஞ்சிலிருந்து ஒரு பூ

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் தட்டச்சு செய்கிறாள். நிழலில் பூக்கும் நம் தீவுச் செடியைத் தேடுகிறவர்களுக்காக இது.

போன வருஷம் மே மாதம் என் மனைவி செல்லம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தாள். டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிலம் மேடாக ஏறும். கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல் நிறையப் பலா மரத்தடி மண்தான். வெயில் படாது, எந்தப் பூச்செடி வைத்தாலும் நோஞ்சானாகிவிடும்.

"நாள் பூரா மண்ணையே பாத்துக் கெடக்கேன். புதைச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். சாப்பாடும் குறைந்துவிட்டது.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன், கடல் தாண்டி இருக்கும் விம்பர்லிகஞ்சில் ரோடு வேலை பார்த்தேன். அங்கே ஒரு பாக்குத் தோப்பில், ஓடையிலிருந்து மூன்றாவது வரிசை இருட்டில், இஞ்சி இலை போன்ற செடி மஞ்சளாகப் பூத்திருந்தது. அது ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் காலை ஆறு பத்துக்கு பஸ் ஏறினேன். அபர்டீன் பஜாரில் மாறி, சாத்தாம் ஜெட்டியில் ஃபெர்ரி. பாம்பூ பிளாட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. போக மட்டும் எழுபது ரூபாய் ஆனது.

தோப்பு இருந்தது. மூன்றாவது வரிசை மொட்டையாக இருந்தது. தோப்புக்காரி ஒரு பெங்காலி அம்மா.

"நேத்துதான் களை வெட்டினேன் சாச்சா. பாக்கு விழுந்தா தெரியணும்ல?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வெட்டிப் போட்ட குவியல். கிளறினால், வாடிய பூத்தண்டுகளில் மிளகைவிடப் பெரிய பச்சை மணிகள். ஒன்றில் வேரே எட்டிப் பார்த்தது.

"க்யா, குப்பையில என்ன தேடறே?"

"இது முளைக்குமா தீதி?"

"முளைக்குமாவா? விழுற எடமெல்லாம் முளைச்சு என் உயிரை வாங்குது. லே ஜாவ், பூரா எடுத்துட்டுப் போ. எனக்கு வேலை மிச்சம்."

இருபத்திரண்டு மணிகளை ஈரத்துணியில் மடித்து வந்து, பலாவடியில் விரல் கணு ஆழத்தில் போட்டேன். சின்ன இலைகள் வந்தன. ஜனவரியில் எல்லாம் காய்ந்து மறைந்தன. "இதுவும் போச்சா" என்று செல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூன் மழையில் பதினேழு முளைத்தன.

போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில் போங்கள். அட்டைப்பூச்சி கடிக்கும், உப்பு வேண்டும். அரசுக் காட்டில் எதையும் தொடாதீர்கள்; தோப்புக்காரரைக் கேட்டு மணி மட்டும் எடுங்கள். மழை ஓய்ந்து இலை மறைந்தால் தோண்டிப் பார்க்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். கிழங்கு உள்ளே தூங்குகிறது.

போன வாரம் முதல் பூ. தண்டு வளைந்து தொங்கியதால் நின்று பார்த்த எனக்குப் பூவின் முதுகுதான் தெரிந்தது. குனிந்து கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து செல்லம்மா சொன்னாள்: "அங்கேருந்து அதோட முகம் தெரியாதுங்க. இப்படி வந்து என் பக்கத்துல படுங்க."