மீதி எங்கே போகுது?

கணவரின் போனை அவருக்குத் தெரியாமல் திறப்பது எப்படி என்று யாராவது கேட்டால் உடனே மூடிவிடுவோம். மாமியார் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்களை, அவர் மனம் நோகாமல் நிறுத்துவது எப்படி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்போம். போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று கேட்டால் ஓடிப்போய்ப் பதில் சொல்வோம்.

பகலில் எனக்குக் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் அலுவலக வேலை. சாயங்காலம் தோ பாயோ வட்டாரத்தில் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, சோற்றுக்கு அரிசியைப் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். போனிலும் கணினியிலும் தமிழைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவும் தளம் எங்களுடையது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். எந்தக் கேள்வி உள்ளே இருக்கலாம், எது கூடாது என்று பார்ப்பதுதான் நெறியாளர் வேலை. சம்பளம் கிடையாது. வாக்குவாதம் மட்டும் தாராளமாக உண்டு.

நெறியாளர்கள் அப்போது இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவர் தளத்தைத் தொடங்கியவர், ஊரின் கிழக்கே காத்தோங்கில் இருக்கிறார். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கப்பல்களில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். தன்னுடைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாடல் வரிகளைத் தட்டச்சு செய்யப் போய், பழைய எழுத்துருக்களோடு மல்லுக்கட்டி, அந்தக் கோபத்திலேயே இந்தத் தளத்தை ஆரம்பித்தார். அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. தளத்துக்கு விதிகள் எழுதியதும் அவர்தான். எந்தக் கருவி, எந்தச் செயலி, என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், இந்த நான்கும் இல்லாத கேள்வி அவர் கண்ணில் பட்டால் கதவு சாத்தப்படும். அவர் மூடியதை நான் திறக்கலாம், நான் திறந்ததை அவர் மூடலாம். சில நாள் ஒரே கேள்வி லிஃப்ட் கதவு மாதிரி திறந்து திறந்து மூடும்.

அப்படியிருக்கும்போது ஒரு கேள்வி வந்தது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் இல்லை.

"என் தங்கச்சி எழுதுறதுல பாதிதான் எனக்கு வந்து சேருது மீதி எங்கே போகுது யாராச்சும் சொல்லுங்க"

அண்ணன் சில நிமிடங்களில் மூடிவிட்டார். கீழே வழக்கம்போல அழகான தமிழில் நீளமாக ஒரு விளக்கம்: இது குடும்ப விஷயம், தொழில்நுட்பக் கேள்வி அன்று, விதிகளைப் படித்துவிட்டு வரவும்.

நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் திறக்கவும் இல்லை. எனக்கும் அது அண்ணன் தங்கைச் சண்டை போலத்தான் பட்டது.

மறுநாள் அதே ஆள் அதே கேள்வியை எழுத்து மாறாமல் மறுபடியும் போட்டார். அண்ணன் மூடினார். இந்தத் தடவை விளக்கம் இன்னும் நீளம். அதற்கடுத்த நாள் அதே கேள்வி திரும்பவும் வந்தது. அண்ணன் எனக்கு போன் போட்டார்.

"பார்த்தியாம்மா? நான் இவ்வளவு தூரம் எழுதறேன். அந்த ஆள் ஒரு வரி படிக்கிறதில்ல. வேணும்னே விளையாடறான்."

"விளையாடற மாதிரி தெரியலண்ணே. ஏதோ கஷ்டத்துல கேட்கிற மாதிரி இருக்கு."

"கஷ்டம்னா தங்கச்சிகிட்ட போய்ப் பேசட்டும். நாம என்ன பஞ்சாயத்தா நடத்தறோம்? இன்னொரு தடவை போட்டா கணக்கையே முடக்கிடப் போறேன்."

"ரெண்டு நாள் பொறுங்கண்ணே," என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அவர் பெருமூச்சு விட்டால் சரி என்று அர்த்தம்.

அடுத்த நாள் மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டே தளத்தைப் பார்த்தேன். அதே ஆள். ஆனால் கேள்வி மாறியிருந்தது. கோபம் ஏறியிருந்தது.

"நான் அத்தனை தடவை கேட்டேன் நீங்க குடுக்கிற பதில் லிங்க் எஃப்ஏக்யூ ப்ளீஸ் அவ்வளவுதான் இது ஒரு பதிலா நீங்களும் என் தங்கச்சி மாதிரிதான் பேசறீங்க"

எனக்குப் புரியவில்லை. அண்ணன் எழுதியது ஒரு முழுப் பத்தி. அதில் மூன்று சொல்தான் இருக்கிறது என்கிறாரே? அந்தப் பத்தியைத் திறந்து பார்த்தேன். தூய தமிழ். நடுவில் மூன்றே இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்து. ஒன்று லிங்க், ஒன்று அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைக் குறிக்கும் எஃப்ஏக்யூ, கடைசியில் ஒரு ப்ளீஸ்.

சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த ஆளுக்குத் தமிழ் எழுத்து எதுவுமே போய்ச் சேரவில்லை. அண்ணன் அவ்வளவு சிரமப்பட்டு எழுதிய விளக்கமெல்லாம் அவருக்கு வெறும் காற்று. நான் உடனே முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். உங்கள் திரையில் தமிழ் எழுத்துகள் தெரிகின்றனவா, இல்லையா?

பதில் உடனே வந்தது. தமிழில்தான், எங்கள் ஊர்ப் பேச்சு 'லா'வும் சேர்த்து.

"அப்பாடா இப்பதான் ஒரு முழு வாக்கியம் வருது தெரியுதான்னு கேட்டா எப்படி லா சொல்றது எனக்குக் கண்ணு தெரியாது போன் படிச்சுக் காட்டும் நான் கேட்பேன்"

அதன் பிறகு ஆங்கிலத்தில் நான் கேட்கக் கேட்க, தமிழில் அவர் சொல்லச் சொல்ல, விஷயம் துலங்கியது. அவருக்கு நாற்பது வயது. பதின்ம வயதில் பார்வை போய்விட்டது. வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் தொலைபேசியில் பேசும் வேலை. போனிடம் தமிழில் பேசுவார், அது எழுதிக்கொள்ளும். வந்த செய்திகளை அது ஆங்கிலக் குரலில் படித்துக் காட்டும். தங்கை மருத்துவமனையில் தாதி. வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது என்பதால் இருவருக்கும் இடையே எல்லாம் செய்திதான். முன்பெல்லாம் அவள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவாளாம். அதைப் போன் வெள்ளைக்காரன் தமிழ் பேசுகிற மாதிரி படிக்குமாம், ஆனாலும் புரிந்துவிடுமாம். கொஞ்ச நாளாக எல்லாமே துண்டு துண்டாக வருகிறது. "சண்டே." "பஸ்." "ஓகே." அவ்வளவுதான். ஏதோ கோபம் போல என்று அவர் நினைத்துக்கொண்டார். எப்போதாவது போனில் பிடித்துக் கேட்டால், "எல்லாத்தையும்தான் எழுதிட்டேனே, படி" என்கிறாளாம்.

"திடீர்னு ஏன் மாறினாங்க?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

"தமிழ் எழுத்துல அடிக்கக் கத்துக்கிட்டாளாம் உங்க தளத்துலதான் கத்துக்கிட்டேன் நீயும் அங்கேயே போய்க் கேளுன்னு அவதான் அனுப்பி விட்டா"

அன்று சாயங்காலம் அண்ணனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை எதைப் படித்துக் கற்றாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். போனில் தமிழ் விசைப்பலகையை நிறுவுவது எப்படி என்ற பதில், எங்கள் தளத்திலேயே அதிகம் பேர் படித்த பதில், அண்ணன் எழுதியது.

"தமிழ்க் குரலைப் போட்டுவிட்டா சரியாயிடும்," என்றார் அவர். "நீ சொல்லிப் பார்த்தியா?"

"சொன்னேன். இறக்கப் பார்த்தா பாதியில நின்னு போகுதாம்."

"அப்ப நேர்ல பார்க்கணும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்துடறேன். தேக்காவுக்கு வரச் சொல்லு."

தேக்கா என்றால் எங்களுக்கு, இந்தியர் கடைகள் நிறைந்த அந்த வட்டாரத்துச் சந்தையை ஒட்டிய உணவங்காடி. ஞாயிற்றுக்கிழமை அங்கே இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாங்கள் இருவரும் கூட்டத்தில் முட்டி மோதி உள்ளே போனபோது அந்த மனிதர் வெள்ளைக் கம்பை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு நாற்காலிகளைக் காலாலேயே பிடித்துவைத்துக்கொண்டு, பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. காதில் ஒற்றைக் காதொலிப்பான்.

அண்ணனுக்குப் பதற்றம். கடல் நடுவில் கப்பல் ரேடாரைக் கழற்றி மாட்டியவர், இங்கே எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "வலதுபக்கம் ஒரு தூண் இருக்கு, எதிர்ல பிரியாணிக் கடை, கூட்டமா இருக்கு," என்று வர்ணிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அந்தக் கடையில இன்னைக்கு மட்டன் சீக்கிரம் தீர்ந்துடும்ணே. வேணும்னா இப்பவே சொல்லிடுங்க," என்றார் அவர். "வாரா வாரம் வர்ற இடம் லா இது. நீங்கதான் எஃப்ஏக்யூ அண்ணனா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனுக்குக் காது சிவந்துபோனது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். மட்டன் பிரியாணி சொன்னோம்.

போனை வாங்கிப் பார்த்தால், அதில் ஒரு குரலை இறக்கி வைக்கும் அளவுக்குக்கூட இடம் இல்லை. எல்லாம் கால்பந்து ஆட்ட வர்ணனைகள். பல வருஷத்துச் சேமிப்பு.

"இதுல கொஞ்சத்தை அழிக்கணும்," என்றார் அண்ணன்.

"எதை?"

"பழசு எதையாவது."

"பழசா? அதுதானே நல்ல ஆட்டம்!"

அரை மணி நேரம் பேரம் நடந்தது. அண்ணனுக்கும் கால்பந்துப் பைத்தியம் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். தோற்ற ஆட்டத்தை அழிக்கலாம் என்பார் அண்ணன், தோற்றாலும் அழகாகத் தோற்றார்கள் என்பார் மற்றவர். கடைசியில் கோலே விழாத ஆட்டங்கள் சிலவற்றைத் தியாகம் செய்தார்கள். தமிழ்க் குரல் இறங்கியது. ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தோரணை.

தங்கையின் செய்திகளைத் திறந்து, காதொலிப்பானை எடுத்துவிட்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரியே வைத்தார். வேண்டாம், நீங்கள் மட்டும் கேளுங்கள் என்றேன். "இவ்வளவு தூரம் வந்து உதவறீங்க, கேளுங்கக்கா" என்றார்.

அந்தக் குரல் கொஞ்சமும் உணர்ச்சி இல்லாமல் வாசித்தது. "அண்ணா, சண்டே அன்றைக்காவது என் இட்லிச் சட்டியைக் கொண்டு வந்து கொடு. பஸ் ஏறும்போது மறந்துவிடாதே. உன்னிடம் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது. ஓகேவா?"

அடுத்த செய்தியும் இட்லிச் சட்டி. அதற்கடுத்ததிலும் இட்லிச் சட்டி, கூடவே அதன் மூடி.

"அக்கா, பழைய குரலையே போட்டுடலாமா?" என்றார் அவர்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடுத்ததற்குப் போய்விட்டது.

"அண்ணா, நான் ஏன் கஷ்டப்பட்டுத் தமிழ் எழுத்தில் அடிக்கிறேன் தெரியுமா? இப்படி எழுதினால் உன் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது. வேலையில் இன்றைக்கு ஒரு பாட்டி போய்விட்டார். உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ ஓகே என்று மட்டும் அனுப்பியிருக்கிறாய்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். விரலால் திரையை ஒரு தட்டு தட்டினார், குரல் அதையே திரும்பப் படித்தது. எழுந்து, கம்பை விரித்துக்கொண்டு, "ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்," என்று சந்தைப் பக்கமாக நடந்தார். அண்ணன் கூடவே எழுந்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைத் தொடவில்லை.

"அப்ப இனிமே எல்லாக் கேள்வியையும் விட்டுடலாம்னு சொல்றியா?" என்றார், நான் எதுவும் சொல்லாமலேயே.

"இல்லண்ணே. அப்படி விட்டா தளம் நாறிடும். நேத்துகூட ஒருத்தர் தலைமுடி கொட்டுறதுக்கு மருந்து கேட்டிருக்கார்."

"பின்ன?"

"மூடறதுக்கு முன்னாடி நாம திருப்பி ஒரு கேள்வி கேட்போம். அந்த ஆள் பதில் சொல்லட்டும். அப்புறம் மூடுங்க."

அண்ணன் பிரியாணியைக் கிளறினார். "அந்தக் கேள்வியைச் சின்னதா கேட்கணும்," என்றார். "நான் ரொம்ப நீட்டி எழுதறேன்னு என் வீட்டுலயும் சொல்றாங்க."

போன் பேசப் போனவர் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. தங்கை இடைவேளையில் இருந்தாளாம், போனை எடுத்துவிட்டாளாம். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறிப்போன பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு அண்ணனும் அவரும் கால்பந்தைத் தொடர்ந்தார்கள். நான் சந்தைப் பக்கம் போய் வாழைப்பூவும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு வந்தேன், அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எழுந்திருக்கும்போது, நெறியாளராக வந்துவிடுங்களேன் என்று அண்ணன் அவரைக் கேட்டார். "எனக்கென்ன தெரியும்?" என்றார். "கேட்கத் தெரியும்ல, அது போதும்," என்றார் அண்ணன்.

எங்கள் இருவரையும்விடக் கனிவான நெறியாளர் கிடைத்துவிட்டார் என்று நான் நம்பினேன். எங்கள் மூவரில் அவர்தான் மகா கறார். ரயிலில் போகும்போதே காதால் கேட்டுக் கேட்டு மூடித் தள்ளுகிறார். ஒரு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும் என்ற புது வழக்கத்தை அவர் மீறுவதில்லை. கேட்பார், பதில் வரும், பொருந்தாவிட்டால் சட்டென்று மூடிவிடுவார். இப்போதெல்லாம் கேள்விகளைத் திறந்துவிடச் சொல்லி என்னிடம் மன்றாடுவது அண்ணன்.

போன வாரம் ஒருவர், தன் ரைஸ் குக்கர் தமிழில் பேசுமா என்று கேட்டிருந்தார். மூவரும் போனில் கூடினோம்.

"அது கருவிதானே? தமிழ் சம்பந்தப்பட்டதுதானே? இருக்கட்டுமே," என்றார் அண்ணன்.

"அவர் குக்கர் எந்த மொழியிலயாவது பேசுதான்னு கேட்டேன்," என்றார் புது நெறியாளர். "விசில்தான் அடிக்குமாம். மூடிட்டேன்."

"ரைஸ் குக்கர் ஏன் லா விசில் அடிக்குது? பிரஷர் குக்கர்தானே அடிக்கும்?" என்றேன் நான்.

"அதைத் திருப்பிக் கேட்கலையே," என்றார் புது நெறியாளர். பிறகு அவரே அந்தக் கேள்வியைத் திறந்துவிட்டார்.